நாலு மணி வெயில், இரவு பதினொரு மணிக்கு

காரைக்குடியை ஒட்டிய எங்கள் மானகிரியில் மே மாதத்தில் ஆறரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் உடம்பு ஆறிப்போகும். அப்புறம் படுக்கலாம் என்று உள்ளே போய், கட்டிலை ஒட்டிய மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போலிருக்கும். அதே சுவரின் வெளிப்பக்கம் அந்நேரம் ஆறிக் கிடக்கும். மத்தியானம் வெளியே அனல் பறந்தபோது உள்ளே தொட இதமாக இருந்ததும் இதே சுவர்தான்.

எதிர்ச்சாரியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வயதான ஆச்சி ஒருவர் மட்டும் இருக்கிறார். மின்விசிறியைத் தவிர வேறு ஏற்பாடு எதுவும் கிடையாது.

“ஆச்சி, உங்க வீட்டுச் சுவரு ராத்திரியில சுடுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சுவரு எதுக்குய்யா சுடும்?” என்றார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. எண்பது வருஷத்தில் சுவர் சுட்டு அவர் பார்த்ததில்லை.

இரண்டுமே செங்கல் சுவர்தான். எங்களுடையது 9 அங்குலம், ஆச்சி வீட்டினுடையது ஒன்றரை அடிக்கு மேல். பருமன் இரட்டிப்பானால் சூடு பாதியாகக் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி இல்லை என்பதில்தான் செட்டிநாட்டு வீட்டின் சூட்சுமமே இருக்கிறது.

வெயிலின் சூடு சுவருக்குள் நடந்துதான் வர வேண்டும், அதுவும் மெல்ல. பகலில் ஏறி இரவில் இறங்கும் அன்றாட வெப்ப அலை செங்கல்லுக்குள் மணிக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நகரும். 9 அங்குலம் என்றால் 23 சென்டிமீட்டர். மேற்குச் சுவரில் வெயில் உச்சத்தில் அடிப்பது பிற்பகல் நாலு மணி வாக்கில். அது ஏழு ஏழரை மணி நேரம் நடந்து, சரியாக நாம் படுக்கப் போகும் பதினொரு மணிக்கு உள்பக்கம் வந்து சேருகிறது. வேண்டுமென்றே திட்டம் போட்டால்கூட இவ்வளவு பொருந்தாத நேரம் அமையாது. 9 அங்குலச் சுவர் என்பது மாலைவரை இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகும் அலுவலகத்துக்கு ஏற்ற சுவர். ஆள் படுத்துத் தூங்கும் வீட்டுக்கு, அதுவும் மேற்குப் பக்கத்தில், ஏற்றதல்ல.

நடக்கும்போதே அந்த அலை மெலிந்தும் போகிறது. ஒவ்வொரு 8 சென்டிமீட்டருக்கும் அதன் ஏற்ற இறக்கம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பாதியில் பாதி, அதில் பாதி என்கிற கணக்கு இது. சுவரின் வெளிப்பக்கம் இரவில் 28 டிகிரிக்கும் பகலில் 52 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 24 டிகிரி ஆட்டம். எங்கள் சுவரின் உள்பக்கத்தில் அது ஏறத்தாழ மூன்றரை டிகிரி ஆட்டமாக மிஞ்சும். ஒன்றரை அடிச் சுவருக்குள் அரை டிகிரிதான் மிஞ்சும். அதுவும் பதினைந்து மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் வரும். ஆச்சி வீட்டுச் சுவருக்கு மத்தியானமும் தெரியாது, நள்ளிரவும் தெரியாது. இரண்டும் கலந்த சராசரி ஒன்றுதான் தெரியும்.

இதைத் ‘தடுத்தல்’ என்று சொல்லலாமா? எனக்கு அந்தச் சொல்லில் தயக்கம் உண்டு. கடையில் ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகை வாங்குங்கள். ஒரு பக்கம் நிரந்தரமாகச் சூடு, மறுபக்கம் நிரந்தரமாகக் குளிர்ச்சி என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஓர் அங்குலப் பலகையும் ஒன்றரை அடிச் செங்கல் சுவரும் வெப்பத்தை விடும் அளவு ஏறக்குறைய ஒன்றேதான்! லாரி லாரியாகச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவந்து எழுப்பிய சுவரும், ஒரு விரலால் தூக்கக்கூடிய பலகையும் சமம். தெர்மோகோல் தடுக்கிறது. சுவரோ வாங்கி வைத்துக்கொள்கிறது, தாமதிக்கிறது, வாங்கியதை இரவு வந்ததும் வெளியிலேயே திருப்பிக் கொடுக்கிறது. வேலை வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பழைய வீட்டில் ஏசி வைத்துவிட்டு, மூன்று மணி நேரமாக ஓடியும் அறை குளிரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். அந்தச் சுவர் இப்போது ஏசியின் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் ஆறி நிற்க வைத்த அதே குணம்தான்.

உண்மையில் தடுப்பது என்றால் என்ன என்பதை நான் ஒரு பீங்கான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் தூக்குகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒரு கடையில் கூடை நிறையப் பழைய மின்சாரச் சாமான்கள் கிடந்தன. அவற்றில் கம்பி பிடிக்கும் பீங்கான் கட்டைகளும் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு துண்டுகள். ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். நடுவில் திருகாணிக்கு ஒரு துளை, இருபக்கமும் கம்பி போக இரண்டு பள்ளம். பள்ளத்தில் இன்னும் கறுப்பாக ரப்பர் ஒட்டியிருந்தது. பழைய வீடுகளில் சுவரை ஒட்டி, ஆனால் சுவரைத் தொடாமல், வரிசையாக மின்கம்பியைத் தாங்கியவை இவை.

இந்தப் பீங்கானையும் செம்பையும் ஒப்பிட்டால், செம்பு எத்தனை மடங்கு எளிதாக மின்சாரத்தை விடும் தெரியுமா? 1 எழுதி அதன்பின் ஏறக்குறைய 18 பூஜ்யம் போட வேண்டும். இயற்கையில் ஒரே ஒரு குணத்தில் இரண்டு சாதாரணப் பொருள்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய இடைவெளியை வேறெங்கும் பார்ப்பது கடினம். அதே இரண்டு பொருள்களை வெப்பம் கடத்துவதில் ஒப்பிடுங்கள். செம்பு சுமார் 250 மடங்கு மேல், அவ்வளவுதான். திடப்பொருள்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவதையும் மிக மோசமாகக் கடத்துவதையும் எடுத்துக்கொண்டாலும் இடைவெளி ஒரு லட்சம் மடங்கைச் சுற்றித்தான் நிற்கிறது.

ஆகவே மின்சாரத்தை நம்மால் முழுதாகக் கட்டிப்போட முடியும். விரல் மொத்தப் பீங்கான் ஒன்று அதை ஐம்பது வருஷம் சுவரில் இறங்க விடாமல் நிறுத்தும். வெப்பத்துக்கு அப்படி ஒரு பீங்கான் இல்லை. எதை வைத்தாலும் கசியும். வேகத்தைத்தான் குறைக்கலாம்.

காரணம் இதுதான். மின்சாரத்தைத் தூக்கிச் செல்ல எலெக்ட்ரான்கள் வேண்டும், அதுவும் ஓரிடத்தில் கட்டுப்படாத எலெக்ட்ரான்கள். செம்பில் ஒவ்வோர் அணுவும் ஓர் எலெக்ட்ரானை ஊருக்குப் பொதுவாக விட்டுக்கொடுத்துவிடுகிறது. அவை உலோகம் முழுக்க அலைகின்றன, சின்ன உந்துதல் கிடைத்தாலே ஒரு பக்கமாக நகர்கின்றன. பீங்கானில் எலெக்ட்ரான்கள் எல்லாம் அணுக்களைப் பிணைக்கும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. விடுபட வேண்டுமானால் பெரிய ஆற்றல் தேவை. வீட்டு மின்சாரத்தால் அதைக் கொடுக்க முடியாது. தூக்கிச் செல்ல ஆளே இல்லாத சந்தையில் சரக்கு எப்படி நகரும்?

வெப்பத்துக்கு அப்படிப்பட்ட ஆள் தேவையில்லை. வெப்பம் என்பது அணுக்களின் நடுக்கம். ஓர் அணு நடுங்கினால் பக்கத்து அணுவை இடிக்கும், அது அடுத்ததை இடிக்கும். அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வரை நடுக்கம் பரவித்தான் தீரும். பீங்கானாவது செங்கல்லாவது, திடப்பொருள் என்று ஒன்று இருந்தால் அது வெப்பத்துக்கு ஒரு பாதை.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதற்கு நம் ஊரிலேயே பளிச்சென்று ஒரு சாட்சி உண்டு: ஆச்சிமார் காதில் இருக்கும் வைரத்தோடு. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு பக்கமும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. எலெக்ட்ரான் ஒன்றுகூட வெளியே வராது, அதனால் மின்சாரம் போகாது. ஆனால் அதே இறுக்கம் நடுக்கத்தை அட்டகாசமாகக் கடத்துகிறது. நல்ல வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கொண்டுபோகும். நகைக்கடையில் பேனா மாதிரி ஒரு கருவியின் முனையைக் கல்லில் வைத்து வைரமா கண்ணாடியா என்று சொல்கிறார்களே, அது அளப்பது இந்த வெப்ப வேகத்தைத்தான். முனையின் சூட்டைக் கல் எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் இந்தச் சோதனையை நாம் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வெறுங்காலோடு நடக்கும்போது கல் ஜில்லென்று இருக்கும். அறைகளுக்கு நடுவே தேக்கு வாசற்படியை மிதித்தால் ஜில்லிப்பு இல்லை. நெடுநேரமாக ஒரே அறையில் கிடக்கும் இரண்டுக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். சிமெண்டும் மணலும் இறுகிய கல் பாதத்தின் சூட்டை வேகமாக இழுக்கிறது. தேக்கு, உள்ளுக்குள் நுண்குழாய்களும் அவற்றில் காற்றும் அடைந்து கிடப்பதால், மெதுவாக இழுக்கிறது. கால் உணர்வது தரையின் வெப்பநிலையை அல்ல, தன் சூடு பறிபோகும் வேகத்தைத்தான்.

காற்று என்று சொன்னேன். வெப்பத்தைத் தடுப்பதாக நாம் வாங்கும் பொருள் எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது காற்றுதான். தெர்மோகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. கம்பளி, பஞ்சு, கண்ணாடி இழை, கூரை வீட்டின் கீற்று, பானைக்கு அடியில் வைக்கும் வைக்கோல் பிரிமணை எல்லாவற்றிலும் வேலை செய்வது அதுவே. காற்றில் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதில்லை. தூரம் தூரமாகப் பறந்து எப்போதாவது மோதிக்கொள்கின்றன. அதனால் நடுக்கம் பரவுவது மிக மெதுவாக நடக்கிறது. ஆனால் காற்றை அதன் போக்கில் விட்டால் சூடானது மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், அந்த ஓட்டத்திலேயே வெப்பம் கைமாறிவிடும். காற்றை நகர விடாமல் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைப்பதுதான் பஞ்சுக்கும் தெர்மோகோலுக்கும் உள்ள ஒரே வேலை.

அடுப்படியில் இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்கலாம். சுடுபாத்திரத்தை இறக்கும் பிடிதுணி உலர்ந்திருந்தால் கை தப்பும். ஈரத்துணி என்றால் கை வெந்துபோகும். “ஈரத்துணியால பிடிக்காதே” என்று எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் காற்றைவிட 23 மடங்கு வெப்பம் கடத்தும். துணி அதேதான், அடைபட்டிருந்தது மாறிவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். நாட்டு ஓடுகள் ஒரு வரிசையாக இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. வளைந்த ஓடுகள் என்பதால் ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே காற்று. வெயில்பட்ட மேலோடு கொதித்தாலும் அடுத்த ஓட்டுக்கு அந்தச் சூடு இறங்க நேரம் பிடிக்கும். கூரைக்கடியில் சேரும் வெக்கை ஓட்டு இடுக்குகள் வழியாகவும் வளவு வழியாகவும் மேலே போய்விடும். பொழுது சாய்ந்ததும் மெல்லிய மேலோடு சீக்கிரமே ஆறிவிடும். சுவர் கனமாக, கூரை இலேசாக, நடுவில் வானம் தெரியும் வளவு என்று மூன்றும் சேர்ந்து ஒரே ஏற்பாடு. போதாததற்கு வீட்டையே கிழக்கு மேற்காக நீளவாக்கில் போட்டிருக்கிறார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக அடிக்கும் பக்கங்கள் குட்டையானவை.

அந்த ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது சங்கடப்படுகிறது. காரணம் இல்லாமல் செய்யவில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, குரங்கு புரட்டிப்போடுகிறது, மழை ஒழுகுகிறது. ஆனால் 5 அங்குலக் கான்கிரீட் தளம் இரண்டும் கெட்டான். தடுக்கவும் தடுக்காது, போதுமான அளவு தாமதிக்கவும் செய்யாது. மூன்றரை மணி நேரத்தில் சூட்டைப் பெரிதாக மெலியவிடாமல் உள்ளே கொண்டுவந்துவிடும். மத்தியான உச்சி வெயில் மாலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் வந்து நிற்கும், ராத்திரி முழுக்கக் கீழே வீசிக்கொண்டிருக்கும்.

போட்டாகிவிட்டது என்றால் பரிகாரம் மேல்பக்கத்தில்தான். நம் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பது நல்ல வழக்கம். உடைந்த செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நுண்துளைகள் நிறைய. அதற்கும் மேலே வெள்ளையடித்தால் இன்னும் நல்லது. வெறும் சிமெண்டுத் தளம் தன் மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். சுத்தமான வெள்ளைப் பூச்சு முக்கால் பங்கைத் திருப்பிவிடும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போனால் அது தன்னோடு கொண்டுபோகும் வெப்பம் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் நாம் ஊற்றுவதில் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய் வழியே ஓடிவிடுகிறது. ஊருணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊரில் வாளி வாளியாக ஊற்றுவது எனக்கு ஒப்பவில்லை. கோணியை நனைத்துப் போட்டால் கால் வாளி போதும்.

மறுபடி பீங்கானுக்கு வருகிறேன். அந்தப் பழைய கட்டைகள் கம்பியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தன என்றேன் அல்லவா? கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மின்காப்பு, காற்று. நம் தெருவில் போகும் 11,000 வோல்ட் கம்பியின் மேல் எந்த உறையும் இல்லை. வெறும் அலுமினியம். மூன்று கம்பிகளுக்கும் தரைக்கும் நடுவே காற்று மட்டுமே இருக்கிறது. உலர்ந்த காற்று மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் எங்கோ தற்செயலாகத் திரியும் ஓர் எலெக்ட்ரான் வேகமெடுத்து ஓர் அணுவை மோதி இன்னோர் எலெக்ட்ரானை விடுவிக்கும், அவை இரண்டும் நான்காகும், கண் இமைப்பதற்குள் காற்றே கடத்தியாகிவிடும். மின்னலும் அதுதான், சுவிட்சில் பார்க்கும் சின்ன நீலப்பொறியும் அதுதான்.

கம்பத்தில் இருக்கும் பீங்கான் ஏன் குடைகுடையாக அடுக்கியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்து யோசித்திருப்பீர்கள். பீங்கானுக்குள்ளே மின்சாரம் போகாது. ஆனால் அதன் மேல்தோலில் புழுதியும் பனியும் படிந்து ஈரமானால் அந்த ஈரப்படலத்தின் மேலேயே ஊர்ந்து இறங்கப் பார்க்கும். குடைகளின் மேடு பள்ளம் அந்த ஊரும் பாதையை நீட்டுகிறது. மழையிலும் குடைகளின் அடிப்பக்கம் நனையாமல் இருக்கும். பல மாதம் புழுதி படிந்த பிறகு வரும் முதல் தூறலில் ஊரெங்கும் கரண்ட் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நல்ல மழை கழுவிவிட்டால் தொல்லை குறைந்துவிடும். பிடிதுணியில் பார்த்த அதே ஈரம்தான் இங்கேயும் எதிரி.

இன்னோர் எதிரி சூடு. இதைச் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். தேக்குப் பட்டைக்குள் ஓடும் அந்தக் காலத்து ஒயரில் மின்காப்பு என்பது ரப்பரும் பருத்தி நூலும். எழுபது எண்பது வருஷத்தில் ரப்பர் இறுகி, தொட்டால் பொடியும் நிலைக்கு வந்திருக்கும். இரண்டு பல்பும் ஒரு விசிறியும் ஓடட்டும் என்று இழுத்த ஒயர் அது. அதில் ஏசியை மாட்டினால் கம்பி சூடேறும். மின்காப்பின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின் பொறியாளர்கள் காலம் காலமாக வைத்திருக்கும் கைக்கணக்கு. இன்றைய சாதாரண பிவிசி ஒயரே 70 டிகிரி வரைதான் தாங்கும். பட்டை உலர்ந்த பர்மாத் தேக்கு, மேலே ஓட்டைத் தாங்குவதும் மரம். தலைமுறையாக நிற்கும் சுவரை நெருப்பு ஒன்றும் செய்யாது, மற்றதெல்லாம் போய்விடும். பழைய சுவிட்சையும் பீங்கானையும் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைப் புதிய ஒயரில் விடுங்கள்.

தடுப்பதில் இன்னும் நுட்பமான வேலை ஒன்று இங்கிருந்து சில மைல் தூரத்தில் நடக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் ‘சிக்ரி’ என்றுதான் சொல்வோம். அங்கே நெடுங்காலமாக ஆராயப்படுபவற்றில் பேட்டரியும் ஒன்று. ஈய அமிலப் பேட்டரி முதல் லித்தியம் அயனிப் பேட்டரி வரை.

பேட்டரிக்குள் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் எலெக்ட்ரான்கள் வெளிச் சுற்றில் போகாமல் உள்ளேயே குறுக்கு வழியில் பாய்ந்து எரிந்துவிடும். ஆனால் அயனிகள் மட்டும் உள்ளே இங்கும் அங்கும் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை. ஆகவே நடுவில் வைக்கும் பிரிப்பான் ஒன்றை அடியோடு தடுத்து மற்றதைத் தாராளமாக விட வேண்டும். ஈய அமிலப் பேட்டரிகளில் ஒரு காலத்தில் மெல்லிய மரச்சீவலையே வைத்தார்கள். லித்தியம் பேட்டரியில் அது 20 மைக்ரான் அளவிலான பிளாஸ்டிக் ஏடு, தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைகளில் நிறைந்த திரவத்தில் அயனிகள் நீந்திப் போகும், எலெக்ட்ரானுக்கு அந்தத் திரவத்திலும் பாதையில்லை, பிளாஸ்டிக்கிலும் பாதையில்லை. பாலி எத்திலீனால் ஆன ஏடு என்றால் சுமார் 130 டிகிரியில் உருகித் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அயனிப் போக்குவரத்தும் நின்றுவிடும், பேட்டரி தன்னை நிறுத்திக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறி ஏடே சுருங்கிக் கிழிந்தால் மின்சார ஸ்கூட்டர் தீப்பிடிக்கும் செய்தி வரும். ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பேசும் ஒவ்வொரு முறையும் இந்த ஏடு நடுவில் நின்று காக்கிறது.

ஒலியைத் தடுக்கும் விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். கல்யாண மண்டபத்தை ஒட்டி வீடு கட்டிய நண்பர் ஒருவர், மைக் செட் இரைச்சலைத் தடுக்க அறையின் ஒரு பக்கம் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டினார். ஏசிக்கு நன்றாக உதவியது. சத்தம் ஓர் இழைகூடக் குறையவில்லை. முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. கிடைத்த பலன் அதேதான்.

ஒலியும் நடுக்கம்தான், ஆனால் ஒழுங்கான நடுக்கம். சுவரின் மேல் காற்று தள்ளித் தள்ளி விடுகிறது. சுவர் அசைந்தால் மறுபக்கக் காற்றை அது தள்ளும். அசையாமல் இருக்க எடை வேண்டும். சதுர அடிக்கு எத்தனை கிலோ என்பதுதான் முதல் கேள்வி. எடை இரட்டிப்பானால் ஊடுருவும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். தெர்மோகோலுக்கு எடையே இல்லை. அதில் வெப்பத்தை மடக்கிய காற்று, ஒலிக்கு ராஜபாட்டை. ஒரே காற்று வெப்பத்தைத் தடுக்கிறது, மின்சாரத்தையும் ஓர் எல்லை வரை தடுக்கிறது, ஒலியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. கான்கிரீட் நேர் எதிர். மாடி வீட்டுப் பேச்சைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது.

ஆச்சி வீட்டின் ஒன்றரை அடிச் சுவருக்கு எடைக்குக் குறைவில்லை. ஆனாலும் தெருவில் யார் பேசினாலும் உள்ளே கேட்கும். தேக்குக் கதவின் கீழே இடைவெளி, மேலே வேலைப்பாட்டுத் துளைகள், நடுவில் திறந்த வளவு. சுவர்ப்பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் இரும்புக்கோட்டையாகவே இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. அதனால்தான் நண்பருக்கு நான் சொன்னது, முதலில் ஜன்னல் சந்துகளையும் கதவு இடுக்கையும் ரப்பர் பட்டை வைத்து அடை, பிறகு கனமான இரண்டாவது ஜன்னல் போடு என்பதுதான். பாட்டும் பேச்சும் அடங்கிவிட்டன. தவிலின் ‘தொம்’மும் ஸ்பீக்கரின் அடிக்குரலும் அடங்கவில்லை. 50 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நீளமாகத் தள்ளும் அலைக்குச் சாதாரண வீட்டுச் சுவர் வளைந்துகொடுத்துவிடும்.

எங்கள் மேற்குச் சுவருக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உள்ளே எதுவும் ஒட்டவில்லை. வெளியே இரண்டடி தள்ளிக் கீற்றுத் தட்டி கட்டி, அதன் அடியில் கொடி ஏற்றியிருக்கிறேன். சூடு சுவருக்குள் ஏறிய பிறகு அதோடு மல்லுக்கட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. வெயில் இப்போது தட்டியிலேயே நின்றுவிடுகிறது. தட்டிக்கும் சுவருக்கும் நடுவே சூடாகும் காற்று மேலே போய்விடுகிறது. இரவு பதினொரு மணிக்கு இந்தச் சுவரும் ஆச்சி வீட்டுச் சுவரைப் போல ஒன்றும் சொல்வதில்லை.

ஒலிக்கு இப்படி ஒரு வழி உண்டா என்று கேட்டால், காரைக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் திருப்பத்தூரைத் தாண்டிப் போக வேண்டும். கொள்ளுகுடிப்பட்டியை ஒட்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்கிக் கண்மாய் நிறைந்ததும் நத்தைகுத்தி நாரையும் சாம்பல் நாரையும் கரண்டிவாயனும் வந்து நீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளி வருவதும் அதே பருவத்தில்தான். திறந்த கண்மாயைச் சுற்றி எந்தச் சுவரை எழுப்பினாலும் வெடிச்சத்தம் மேலே ஏறித் தாண்டிவிடும். அதனால் சுற்றியுள்ள கிராமத்தார் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு. அன்று இரவு அந்தக் கரையில் நின்றால் மரத்துக்கு மரம் பறவைகளின் குரல் கேட்கும்.